எண்ணெய்ச்சட்டி அடுப்பேறாத நாட்கள்

இந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மறுபடியும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. டாக்டர்கள் டைபாய்டு என்கிறார்கள், நம்மவர்கள் விஷ ஜுரம் என்கிறார்கள். எனக்கு வந்து நான் பிழைத்தவள் என்பதால், ஆளாளுக்கு வந்து நடையில் நின்றுகொண்டு, என்ன மருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒருதரம் எழுதிவிட்டால் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும் என்று உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்பதற்குப் பதில் சுலபம். ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த ஒன்றும் சாப்பிடாமல் இருந்த கதைதான் இது.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சிறு வயதிலேயே காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயர் வாங்கினேன். சொந்த ஊர் கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம் ராமாபுரம். அது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரக் கும்பினியார் ராஜ்யமாக இருந்து கவர்ன்மெண்டுக்குப் போனது. இந்த மைசூரோ மகாராஜாவின் சீமை. என் வீட்டுக்காரர் இங்கே ரயில்வே வொர்க்ஷாப்பில் பிட்டர் வேலைக்கு வந்தார், நானும் பின்னால் வந்தேன். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. கன்னடம் காதில் ஏறிவிட்டது, வாயில் பாதிதான் ஏறியது. அதனால் சண்டை போடுவதென்றால் மட்டும் தமிழில் போடுவேன்.

காய்ச்சல் முதலில் காய்ச்சல் மாதிரியே இல்லை. தலைவலி, உடம்பு அசதி, நாக்கில் கசப்பு. வீட்டு வேலையை விடவில்லை. சாயங்காலம் சூடு ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும், மறுநாள் முந்தின நாளைவிட ஒரு படி மேலே ஏறும். வைத்தியர் கஷாயம் கொடுத்தார், குடித்தேன். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தேன். குடம் நசுங்கியதுதான் எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது.

வீட்டுக்காரர் ஜட்கா கொண்டுவந்தார். பெண்களுக்கென்று மிஷன்காரர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். நான் வரமாட்டேன் என்று வாசல்காலைப் பிடித்துக்கொண்டேன். அங்கே போனவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், பார்த்துப் பார்த்துத் தங்கள் வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. எனக்கு மாதேஸ்வரன் மலைச் சாமி இருக்கிறது, இன்னொரு சாமிக்கு என் வீட்டில் இடமில்லை. வீட்டுக்காரர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "முதல்ல உசுரோட இரு, சாமியை அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். அதனால் பேசினால் எதிர்த்துச் சொல்ல வாய் வராது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்ததை மறக்க முடியாது. பெஞ்சு முழுக்கப் பெண்கள். கைக்குழந்தைகள், முக்காடு போட்ட துலுக்க வீட்டுப் பெண்கள், பட்டுக் கட்டிய அரண்மனை உத்தியோகஸ்தர் வீட்டம்மாள், எல்லாரும் ஒரே பெஞ்சு. உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, படுக்க இடமில்லை, நின்றால் கால் நடுங்குகிறது. எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

டாக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. நெட்டை, நரைத்த தலை, கன்னடம் பேசுவார், அதுவும் புத்தகத்துக் கன்னடம். என் வயிற்றை அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார், விரலில் குத்திக் கொஞ்சமும் கை மடிப்பில் குத்திக் கொஞ்சமும் இரத்தம் எடுத்தார். அந்த இரத்தத்தில் காய்ச்சலின் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமாம், பதில் வரச் சில நாளாகுமாம். பதில் வரும்வரை காத்திருக்க அவர் தயாராக இல்லை. "டைபாய்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டி, "ஊட்டா பேடா" என்றார். சாப்பாடு கூடாது என்று அர்த்தம். அவருக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்தான் எனக்குத் தமிழில் விளக்கினாள்.

அவள் பெயர் சலோமி. தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண். குள்ளம், கறுப்பு, நடக்கிறபோது செருப்பு சத்தமே வராது. "அக்கா, உன் கொடலு உள்ளாற புண்ணாகீது," என்றாள். "நைஞ்ச துணி மாதிரி ஆயிடும். சோறு, பருப்பு, கெட்டியா எது போனாலும் பட்டுனு கிழிஞ்சிடும். கிழிஞ்சா எங்க டாக்டரம்மாவாலயும் தெச்சுக் குடுக்க முடியாது. தண்ணியா குடிச்சா பொழச்சிக்குவ."

இந்தக் காய்ச்சலைப் பற்றி நான் தெரிந்துகொண்டதிலெல்லாம் பெரியது இதுதான். காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விடுவதில்லை. சூடு இறங்கி, முகம் தெளிந்து, பசி எடுக்கிறதே, அப்போதுதான் குடல் மிக மெல்லியதாக இருக்கிறது. நம் வீடுகளில் அந்த நேரம் பார்த்துத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்தியச் சோறு பிசைந்து கொடுக்கிறோம்.

ஊரிலிருந்து அக்கா வந்தாள். அக்கா என்றால் என்னை வளர்த்தவள், என்னைவிட ரொம்பப் பெரியவள். எங்கள் இருவருக்கும் நடுவில் சின்னம்மா என்று பெயருள்ள ஒருத்தி பிறந்திருந்தாள். அவளும் காய்ச்சலில்தான் போனாள், கல்யாணம் ஆகிறதற்கு முன்னால். கடைசி நாட்களில், அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்துத் தாளிக்கிற அரிசிம்பருப்புச் சோறு வேண்டும், அரிசிம்பருப்புச் சோறு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்தியர் ஆகாது என்று சொன்னதால் அக்கா கொடுக்கவில்லை. அவள் கேட்டபடியே போய்விட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் படையலில் அக்கா அரிசிம்பருப்பு வைப்பாள், வைத்துவிட்டு அன்று முழுக்கத் தான் சாப்பிடமாட்டாள். இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

கூட இருப்பவர்கள் சமைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி, மதில் ஓரமாகக் கொட்டகைகள் இருந்தன. சாதிக்கு ஒன்றாக ஒதுக்கியிருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரிப் பாத்திரத்தைத் தொடமாட்டாள். எனக்குப் பார்லித் தண்ணீரும், மோரை அசையாமல் வைத்து வடித்த தெளிவும் அவளே காய்ச்சிக் கொண்டுவருவாள். நர்ஸ் பெண்கள் பிறந்த சாதியார் கையால் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நினைவில்லாமல் கிடந்த நாட்களில் நான் யார் கையால் குடித்தேன் என்று அக்கா கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. மேலே ஓடு ஊர்ந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் ரயில் போனது. போர்வையைப் பிய்த்துப் பிய்த்து நூலாக்கினேனாம். எழுந்து வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டவேண்டும் என்று கட்டிலைவிட்டு இறங்கினேனாம், பிடித்துப் படுக்கவைத்தார்கள். ஈரத்துணி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நெற்றி, கழுத்து, கை, பாதம் என்று மாறி மாறி ஒருத்தி துடைத்துக்கொண்டே இருந்தாள். நாக்கில் படிந்த கறையைப் பஞ்சில் கிளிசரின் தொட்டு எடுத்தாள். அடிவயிற்றுக்குக் கீழே ஆனதையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துப்போனாள். என்னைப் பெற்ற தாய் இருந்திருந்தால் அவ்வளவு செய்திருப்பாளா என்று சொல்லத் தெரியவில்லை.

நினைவு திரும்பியதும் எனக்குச் சந்தேகமும் திரும்பிவிட்டது. இவ்வளவு செய்கிறார்களே, எப்போது வேதத்தில் சேரச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள்? காலையில் வார்டு நடுவில் நின்று கன்னடத்தில் பாட்டுப் பாடுவார்கள், கண்ணை மூடி ஜெபம் சொல்வார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். படம் போட்ட சுருளோடு ஒரு அம்மாள் கட்டில் கட்டிலாக வருவார். என் கட்டிலுக்கு வந்தால் இன்னின்னது சொல்லவேண்டும் என்று நான் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தயார் செய்த பேச்செல்லாம் வீணாயிற்று. எனக்கு அதுவும் எரிச்சல்தான். இன்று கேட்பார்கள், நாளை கேட்பார்கள் என்று காத்திருப்பதைவிடக் கேட்டே தொலைக்கலாம்.

அதற்குள் வேறொன்று வந்துவிட்டது. பசி.

காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. இறங்க இறங்கப் பசி ஏறியது. நான் பசி என்றால் என்னவென்று அதுவரை தெரியாமல்தான் வாழ்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் இட்லி. கண்ணைத் திறந்தால் எதிர்க் கட்டில்காரிக்கு ரொட்டி. பார்லித் தண்ணீரைப் பார்த்தாலே அழுகை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிடி சோறு, ஒரே ஒரு பிடி என்பேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அதே புத்தகத்துக் கன்னடத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் விடவில்லை. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு, அடுத்த பார்லித் தண்ணீர் எப்போது என்று கேட்டுக்கொண்டு, அது வந்ததும் இதுதானா என்று கோபித்துக்கொண்டு கிடந்தேன்.

என் தலைமாட்டு ஜன்னலுக்கு நேர் பின்னால் நர்சுகளின் சமையலறை. அதுதான் பெரிய வினை. தினமும் வெயில் ஏறும் நேரத்தில் அங்கே எண்ணெய் காயும். கடுகு வெடிக்கும். வரமிளகாய் கருகும், கறிவேப்பிலை விழும், வெங்காயம் வதங்கும். ஒவ்வொன்றாக மூக்குக்குள் வந்து உட்காரும். எனக்கு வாயில் எச்சில் ஊறி, வயிறு முறுக்கி, கண்ணில் நீர் வடியும். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். காய்ச்சல்காரிக்குக் காற்று வேண்டும், சாத்தக்கூடாது என்றார்கள். கட்டிலை மாற்றச் சொன்னேன். வேறு கட்டில் காலியில்லை.

ஒருநாள் அவர்கள் கருவாடு வறுத்தார்கள். அன்று என்னால் தாங்க முடியவில்லை. அக்கா துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். சலோமி பார்லித் தண்ணீரோடு வந்தாள். நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். அது தரையில் உருண்டு ஓடியது.

"காலங்காத்தால அன்பு அன்புனு பாட்டுப் பாடறீங்களே, இதுதானா உங்க அன்பு? பட்டினி கெடக்கறவ மூக்குக்கு முன்னால வறுத்துத் திங்கறீங்களே, உங்க சாமி இதைத்தான் சொல்லிக் குடுத்துதா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சண்டைக்குத் தமிழ்தான் வரும் என்று சொன்னேனே, அன்று கொங்குத் தமிழில் இருக்கிற எல்லாம் வந்தது. சலோமி டம்ளரை எடுத்தாள், தரையைத் துடைத்தாள், என் கையில் தெறித்திருந்ததையும் துடைத்தாள். "வேற கொண்டாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளும் கோபித்துக்கொண்டு பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வாசனை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காற்று திசை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாதேஸ்வரன் என் கூப்பாட்டைக் கேட்டுவிட்டார் என்றுகூட நினைத்தேன். பசி என்னவோ அப்படியேதான் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சோறு கேட்டு அழும்போதெல்லாம் அவள் முகம் கல்லாகிப் போகும். அவள் சின்னம்மாவைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன், ஏனென்றால் அழாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று போனவள், நர்சுகள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அரிசிம்பருப்பு. பூண்டும் சீரகமும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த அந்த மணம் இந்த உலகத்தில் வேறு எதற்கும் வராது.

"தின்னு கண்ணு," என்றாள். "ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆயிராது. நல்லாக் கொழைய வேகவெச்சுப் பெசஞ்சிருக்கறேன். அவளத்தான் வெறும் வவுத்தோட அனுப்பிச்சுப் போட்டேன். உன்னையும் என்னால அப்படிப் பாக்க முடியாது."

ஒரு வாய் உருட்டி ஊட்டினாள். நான் மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினேன். இரண்டாவது உருண்டையை அவளிடமிருந்து பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். எத்தனை காலம் கழித்துக் கையில் சோறு. உடனே தின்றுவிட மனசில்லாமல் அதை முகர்ந்துகொண்டிருந்தேன்.

"இதை எங்கக்கா தாளிச்சே? இங்க வாசமே வரலையே."

"ஊட்டுல செஞ்சு கொண்டாந்தேன். இங்க தாளிச்சா கண்டுபுடிச்சுருவாங்க. அந்த நர்ஸ் புள்ளைங்க சமையக்கட்டுல இப்பெல்லாம் எண்ணச்சட்டியே அடுப்பேறறது இல்லையாமா. மூணு நேரமும் கஞ்சி, இல்லாட்டி உப்புப் போட்ட சோறும் பச்ச வெங்காயமும். சமைக்கறவ கெணத்தடியில பொலம்பிக்கிட்டிருந்தா. வேல செய்யற புள்ளைங்க இப்படித் தின்னா எப்படி நிக்குங்கறா."

"ஏனாம்?"

"வார்டுல எவளோ ஒருத்தி பசி தாங்காமக் கத்துனாளாமா. அவ சோறு திங்கற வரைக்கும் நாமளும் தாளிக்க வேண்டாம்னு அந்தக் குள்ளப் பொண்ணு சொல்லுச்சாமா. மத்தவளுங்களும் செரின்னு ஒத்துக்கிட்டாளுகளாமா. வேலகெட்ட புள்ளைங்க. நீ தின்னு, ஆறிப்போவுது."

அந்த எவளோ ஒருத்தி கையில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் இவர்களைக் கேட்டது? அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு சமையலறையே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நான் பிழைக்கவேண்டும் என்று. நான் இங்கே திருட்டுத்தனமாக முழுங்குகிறேன். உள்ளே போன அந்த ஒரு வாய் இப்போது எங்கே இருக்கும், எந்த மெல்லிய இடத்தில் போய் இடிக்கும் என்று அந்த நிமிஷம்தான் பயம் வந்தது. அதுவரை பசி, பயத்தை உள்ளே விடவில்லை.

கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்தேன். "அக்கா, நாந்தான் கத்துனேன்" என்றேன். பிறகு முழுப் பலத்தையும் கூட்டிச் சலோமி என்று கூப்பிட்டேன். அக்கா என் வாயைப் பொத்த வந்தாள். அதற்குள் சலோமி வந்துவிட்டாள்.

இலையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "எவ்ளோக்கா?" என்றாள்.

"ஒரு வாய்."

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. தலையணையை எடுத்துவிட்டு என்னை மல்லாக்கப் படுக்கவைத்தாள், அசையாதே என்றாள், டாக்டரம்மாவிடம் ஓடினாள். அன்றுதான் அவள் செருப்புச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார். குடல் கிழிந்தால் திடீரென்று வலி வரும், வயிறு பலகை மாதிரி கெட்டியாகும், சூடு சட்டென்று விழுந்து நாடி ஓடும் என்று சலோமி மூலம் சொன்னார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான். அன்று முழுக்கவும் மறுநாளும் நான் என் வயிற்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சுருக்கென்றால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். புரளக்கூடாது. நானோ புரளாமல் ஒரு நாழிகை இருந்ததில்லை. கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்காரர் வந்து கட்டிலருகே நின்றார், என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வராந்தாவில் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்குக் குடுக்காமக் கொன்னேன், இவளுக்குக் குடுத்துக் கொன்னுபோட்டனே" என்று அவள் அரற்றியது எனக்குக் கேட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. தலையை மட்டும் திருப்பி வராந்தாக் கதவு வழியாகப் பார்த்தேன். சலோமி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்னம்மாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி இருந்தது.

"பெரியம்மா, அந்தத் தங்கச்சிக்கு நீ குடுக்காதது தப்பு இல்ல," என்று அவள் சொல்வது கேட்டது. "அதுக்கும் இதே காய்ச்சலாத்தான் இருந்திருக்கும். நீ குடுத்திருந்தாலும் போயிருக்கும். நீ ஒண்ணும் பட்டினி போட்டுக் கொல்லல."

அக்கா இத்தனை வருஷமாக யாராவது இதைச் சொல்வார்களா என்று காத்திருந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அக்கா வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையில் இடைவெளியை மறந்து சலோமியின் தோளில் சாய்ந்துவிட்டாள். வயிற்றைக் கேட்டுக்கொண்டு கிடந்த நானும் படுத்தபடியே அழுதேன், வயிறு குலுங்காமல்.

வலி வரவில்லை. வயிறு இளகியே இருந்தது. டாக்டரம்மா மறுநாள் சாயங்காலம் அமுக்கிப் பார்த்துவிட்டு முதல்தடவையாகச் சிரித்தார். அதிர்ஷ்டம் என்று கன்னடத்தில் சொன்னார். எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன், என் கதையைப் படித்துவிட்டு ஒரு வாய் ஊட்டினால் ஒன்றும் ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அதற்குப் பிறகும் பார்லித் தண்ணீர்தான், மோர்த் தெளிவுதான். பசியும் குறையவில்லை. ஆனால் நான் அழவில்லை. ஒருநாள் சலோமி தலைவாரிவிட்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அப்போது கேட்டேன்.

"ஏன் புள்ள, தாளிக்கக்கூடாதுனு உங்க வேதத்துல போட்டிருக்குதா?"

அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சீப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "அப்டில்லாம் இல்லக்கா. பசிக்கிறவங்களுக்குச் சோறு போடுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துகீது. உனக்குப் போட முடியல. வேற இன்னா செய்யறதுன்னு தெரியல."

அவ்வளவுதான். கேட்கப்போகிறார்கள் கேட்கப்போகிறார்கள் என்று நான் நாளெல்லாம் காத்திருந்தேனே, கடைசியில் அவர்கள் வேதத்தைப் பற்றி வாய்திறந்து கேட்டவள் நான்தான். அவள் சொன்னதும் அந்த இரண்டு வார்த்தைதான். நான் இன்றும் மாதேஸ்வரன் மலைக்குத்தான் போகிறேன். ஆனால் யாராவது இயேசு சாமியைப் பற்றிச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதில்லை. எனக்கு அவரைத் தெரியும் என்றே தோன்றுகிறது. எண்ணெய்ச்சட்டியைக் கவிழ்த்து வைத்த அந்தச் சமையலறையில் அவர் இருந்திருப்பார்.

சோறு சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாள் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அப்படித் தவித்ததில்லை. குழைய வேகவைத்த சோறு, உப்பு, கடைந்த மோர். அவ்வளவுதான் அனுமதி. அக்காவைக் காணவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சலோமி ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா எங்க?"

"எங்க சமையல்கட்டுல. வெடியக்கால வந்து எங்கள எல்லாம் வெளிய தள்ளிட்டாங்க. நீங்க ஒக்காருங்க, இன்னிக்கி நான் ஆக்கிப் போடறேன்றாங்க. எங்க சட்டி, எங்க கரண்டி, எங்க தண்ணி. ஒண்ணும் கேக்கல."

எங்கள் அக்காவா என்று நான் கேட்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சோறு ஆவி விட்டது. சலோமி கரண்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஆனால் வாயில் வைக்கவில்லை.

"இன்னாக்கா, துன்னு. இதுக்குத்தான இவ்ளோ நாள் அழுத?"

"இரு புள்ள."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விறகு முறிகிற சத்தம் கேட்டது. பாத்திரம் நகர்ந்தது. பிறகு எண்ணெய் காய்கிற வாசனை, தேங்காயெண்ணெய். அதற்குப் பிறகு கடுகு. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு எல்லாம் சேர்ந்து படபடவென்று வெடித்தது. பூண்டும் சீரகமும் வரமிளகாயும் விழுந்தன. கமறல் வார்டுக்குள் வந்து எல்லாக் கட்டிலையும் இருமவைத்தது. அரிசிம்பருப்பு. சின்னம்மாவின் படையலுக்கென்று அக்கா ஆக்குகிற அரிசிம்பருப்பு. சலோமி தும்மினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண் என் கிண்ணத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. அப்போதுதான் அவள் எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறாள் என்று பார்த்தேன்.

"போ, போய்ச் சாப்பிடு," என்றேன். "ஆறிப்போயிரும்."

அவள் போன பிறகு முதல் வாய் வைத்தேன்.